பெத்தாவிடம் கேட்டு வையுங்கள்: படுவான்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பிள்ளைகளுக்கு,

வவுணதீவு, கன்னன்குடா தொடங்கி மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறை, பழுகாமம், போரதீவு, மண்டூர் என்று வாவியின் மேற்குக் கரையோடு கிடக்கிற ஊர்களில் பிறந்தவர்கள் நீங்கள். சிலர் ஊரிலேயே இருந்து விளையாட்டுக் கழகமும் கோயில் சபையும் நடத்துகிறீர்கள். சிலர் வந்தாறுமூலையில் படிக்கிறீர்கள். சிலர் கட்டாரில், சிலர் சுவிசில், சிலர் லண்டனில். முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரைப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்ந்தவன் நான். உங்களில் பலருடைய அம்மா அப்பாவுக்கும் நான்தான் வாத்தியார். அந்த உரிமையில் உங்களிடம் ஒரு காரியம் கேட்க எழுதுகிறேன்.

போன மாரியில் எங்கள் வளவுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெத்தா காலமானார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தாங்கோ சேர் என்று பேரன் வந்து நின்றான். எழுதத்தானே வேண்டும் என்று கொப்பியை எடுத்தேன். பிறந்த ஆண்டு அடையாள அட்டையில் இருந்தது. தாயின் பெயரை உள்ளே போய்க் கேட்டு வந்தான். தாயின் தாய் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குடும்பம் எந்த ஊரில் இருந்து இந்த ஊருக்கு வந்தது, 57ஆம் ஆண்டு வெள்ளத்தில் எங்கே ஒதுங்கினார்கள், சூறாவளி இரவில் அவர் மடியில் இருந்த பிள்ளை எது, ஒன்றும் தெரியவில்லை. தொண்ணூறு வருட வாழ்க்கை எட்டு வரியில் முடிந்தது. அதிலும் நாலு வரி மக்கள், மருமக்கள் பெயர்.

அந்தப் பேரனில் பிழை இல்லை. நாலு வீட்டுக்கு அப்பால் இருந்த நானும் ஒரு நாள் அவர் பக்கத்தில் இருந்து கேட்கவில்லை. வெற்றிலை மடித்துத் தந்து, "இரி மனே, ஒள்ளுப்பம் தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ" என்று எத்தனை நாள் சொல்லியிருப்பார். வேலை இருக்கிறது பெத்தா, மறுகா வாறன் என்று சொல்லிச் சொல்லியே வந்துவிட்டேன். மறுகா என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் ஊர்களின் சரித்திரம் முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது.

மட்டக்களப்புக்கு வரலாறு எழுதப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எஸ். ஓ. கனகரெத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் மாவட்டத்தைப் பற்றி எழுதினார். எப். எக்ஸ். சி. நடராசா ஏடுகளை ஒப்பு நோக்கி மட்டக்களப்பு மான்மியத்தை 1962இல் பதிப்பித்தார். இரண்டு வருடம் கழித்துப் பண்டிதர் வி. சீ. கந்தையா மட்டக்களப்புத் தமிழகத்தைத் தந்தார். அந்த மூன்று பேருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. கந்தையா அவர்களின் புத்தகத்தை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அவை நாட்டின் வரலாறு: அரசர், குடிகள், கோயில்கள், இலக்கியம். உங்கள் ஊரில் உங்கள் வளவுக் கிணற்றை யார் தோண்டினார்கள் என்பது அவற்றில் இல்லை, இருக்கவும் முடியாது. கோயில் கல்வெட்டுகளும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டும் அல்ல, ஏட்டில் எழுதிய பாட்டும் உரையும் கூடக் கல்வெட்டுத்தான். எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, யாருக்கு எந்த மரியாதை என்பதை அவை சொல்லும். நாற்று முறிந்த வருடம் அந்தக் குடிகளின் பெண்கள் எதைச் சமைத்தார்கள் என்று சொல்லாது.

அதைச் சொல்லக் கூடியவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

எங்கள் நிலத்தை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் இருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. திசையையே ஊர்ப் பெயராக வைத்துக்கொண்ட சனம் நாங்கள். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: மகிழடித்தீவு, அரசடித்தீவு, முனைத்தீவு என்று தீவு, கடுக்காமுனை என்று முனை, முதலைக்குடா, கன்னன்குடா என்று குடா, பண்டாரியாவெளி, வெல்லாவெளி, குறுமண்வெளி என்று வெளி, அம்பிளாந்துறை என்று துறை. தண்ணீர் எங்கே உள்ளே புகுந்தது, எங்கே விலகியது, தோணி எங்கே ஒதுங்கியது என்பதை அந்தப் பெயர்களே சொல்லும். முதலைக்குடாவில் முதலை இருந்த கதையும், எந்த மகிழ மரத்தடியால் மகிழடித்தீவு ஆனது என்ற கதையும் ஊருக்குள் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைவிட முக்கியம் உள்ளுக்குள் இருக்கிற பெயர்கள். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒவ்வொரு துரவுக்கும் மடுவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நில அளவைப் படத்தில் அவை இல்லை. காணி விற்று வாங்கி, வேலி மாறி, மரம் விழுந்து, அந்தப் பெயர்கள் ஒன்றொன்றாய்ப் போகின்றன.

பாதை என்ற சொல்லையே எடுங்கள். வெளியூராருக்குப் பாதை என்றால் வழி. எங்களுக்குப் பாதை என்றால் ஆற்றைக் கடக்க ஏறுகிற மிதவை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறந்தார்கள். அதற்கு முதல் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து ஆரையம்பதிப் பக்கம் போக அந்தப் பாதைதான் கதி. நான் சிறுவனாக ஏறியபோது பலகைத் தட்டில் ஒரு மாட்டு வண்டி, நாலைந்து சைக்கிள், காவுதடியில் தயிர்ச் சட்டியோடு ஆட்கள், ஆசுபத்திரிக்குப் போகிற ஒரு பிள்ளைத்தாய்ச்சி, எல்லாரும் ஒன்றாய் நிற்போம். கதை தொடங்குவது அங்கேதான். யார் வீட்டில் கல்யாணம், எங்கே வேளாண்மை பழுது, எந்த ஊரில் கூத்துக்குச் சட்டம் கொடுத்தார்கள் என்று எழுவான்கரைச் செய்தியும் படுவான்கரைச் செய்தியும் அந்தப் பலகையில்தான் கைமாறும். பாதை அக்கரையில் நின்றால் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். நோயாளியோடு காத்திருந்தவர்களின் ஒரு மணித்தியாலம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பாலம் வந்தது பெரிய நன்மை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்தத் துறையில் பாதை தள்ளியவர்கள், துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது ஒரு நாள் அவர்களோடு பழைய துறையடியில் போய் நின்று, "அந்த நாளையில எப்பிடி?" என்று கேட்டீர்களா?

நிற்கிற இடம் முக்கியம் என்பதை எனக்கு ஒரு பெரியவர்தான் படிப்பித்தார். அவருக்கு எண்பத்தைந்து தாண்டும். இளமையில் ஒரு போடியாரின் வட்டையில் முல்லைக்காரராக இருந்தவர். வயல் வேலை முழுவதும் அவர் கையால் நடந்தது. அவர் வீட்டு விறாந்தையில் இருந்து, சூடு மிதிக்கிற காலத்துச் சொற்களைச் சொல்லச் சொன்னேன். மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில் களவெட்டிக்குள் சாதாரணப் பேச்சுப் பேசக் கூடாது. நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். மாட்டுக்கும் கடகத்துக்கும் சுளகுக்கும் கூட அங்கே வேறு பெயர். வழக்கமான பெயரைச் சொன்னால் பூதம் கேட்டுப் பொலியைக் கொண்டுபோய்விடும் என்று நம்பிக்கை. பெரியவர் பேசாமல் இருந்தார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது களவெட்டிச் சொல்லு மனே. வீட்டுக்க வைச்சிச் சொல்லப்படாது."

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். மாசிக் கடைசி. மெசின் வெட்டிப் போன வட்டை. களவெட்டி என்று ஒன்று இப்போது இல்லை, வயலிலேயே நெல் சாக்குக்குள் விழுகிறது. அவர் நடந்து நடந்து ஒரு மேட்டடிக்குப் போய் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் இறுக்கினார். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு. பிறகு கையில் கம்பு இருக்கிறது போல் விரலை மடித்துக்கொண்டு, மாட்டுக்குப் பின்னால் போகிற நடையில் வட்டமாய் நடக்கத் தொடங்கினார். இரண்டாம் சுற்றில் சொற்கள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாய், ராகத்தோடு, மாட்டை அதட்டுகிற குரலும் பொலியை வாழ்த்துகிற குரலும் மாறி மாறி. நான் எழுதுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பத்தைந்து வயது மனிதன் இருபத்தைந்து வயதுக்காரனாய் நடந்தார். முடிந்ததும் களைத்துப் போய் வரம்பில் இருந்து, "பள்ளிக்குடப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடு. பேப்பரில போடாத" என்றார். ஆகையால் அந்தச் சொற்களை நான் இங்கே எழுதவில்லை. என் கொப்பியில் இருக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் காட்டுவேன்.

இதில் இருந்து இரண்டு விடயம். ஆட்களை அவர்களின் இடத்துக்குக் கூட்டிப் போய்க் கேளுங்கள். உரலடியில் ஞாபகம் வருவது கதிரையில் வராது. மற்றது, அவர்கள் ஊருக்குள் வைத்துக்கொள் என்று சொன்னதை முகநூலில் போடாதீர்கள். அதை மீறினால் அடுத்த தரம் அந்தப் படலையைத் திறக்க மாட்டார்கள். திறக்காமல் இருப்பதே நியாயம்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது: பெண்களிடம் கேளுங்கள். ஊர் வரலாறு என்றதும் தலைவரையும் வண்ணக்கரையும் அண்ணாவியாரையும் தேடிப் போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஊர்களில் குடி தாய் வழியில் வருகிறது. பிள்ளை தாயின் குடி. கல்யாணம் கட்டின மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் சின்னக் குடிலுக்கு மாறுவார்கள், பிறகு அடுத்த மகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு. ஒரு வளவில் அக்கா, தங்கை, அவர்களின் மகள்மார் என்று அடுக்கடுக்காய் இருப்பது அதனால்தான். தாய்வழி உரிமையை ஒரு காலத்தில் கோடே முக்குவச் சட்டம் என்று ஏற்று நடத்தியது. கிறிஸ்டோபர் பிரிட்டோ அதைப் பற்றி 1876இலேயே புத்தகம் போட்டார். ஆக, ஒரு வளவின் கதையை ஐந்து தலைமுறைக்குப் பின்னால் கொண்டு போகக் கூடியவள் அந்த வளவை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத பெண்தான். வந்து சேர்ந்த ஆணுக்கு அவனுடைய தாய் வளவின் கதைதான் தெரியும்.

உங்கள் பெத்தாவின் பெட்டகத்தில் ஒரு பழைய சீதன உறுதி இருக்கும். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, பொலித்தீன் பைக்குள் கிடக்கும். வெள்ளத்திலும் சூறாவளியிலும் இடப்பெயர்விலும் நகைக்கு அடுத்ததாக அவர் தூக்கிக்கொண்டு ஓடியது அதைத்தான். எடுத்து விரித்து வாசியுங்கள். வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஆறு, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் தென்னந்தோட்டம் என்று எல்லை போட்டிருப்பார்கள். அந்தத் தென்னந்தோட்டம் இப்போது எங்கே? ஆறு அன்றைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது? ஒரு உறுதியை வாசித்துக் காட்டினால் பெத்தா ஒரு பின்னேரம் முழுவதும் பேசுவார். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து எந்த ஆராய்ச்சியாளரும் அதை வாங்க முடியாது.

ஆராய்ச்சியாளர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழரும் முஸ்லிம்களும் எப்படிக் குடி வைத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாய்க் கேட்டுப் பல வருடம் உழைத்து, 2008இல் பெரிய புத்தகமாய் எழுதினார். மார்க் விற்றேக்கர் மண்டூரில் தங்கி, கோயிலைச் சுற்றி ஊரார் சொல்கிற வரலாறுகளைக் கேட்டு எழுதினார். கடல் தாண்டி வந்தவர்கள் எங்கள் பாயில் இருந்து, எங்கள் பெரியவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு பொறுமையாய் இருந்திருக்கிறார்கள். நன்றி அவர்களுக்கு. ஆனால் அந்தப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கதை சொன்ன பெத்தாவின் பேத்திக்கு அது எட்டாது.

வெளிநாட்டு உதாரணம் வேண்டும் என்றால் இங்கிலாந்தில் ஒன்று இருக்கிறது. சஃபோக் பகுதியில் பிளாக்ஸ்ஹோல் என்று ஒரு சிற்றூர். வேல்சில் பிறந்த ஜோர்ஜ் யூவார்ட் எவன்ஸ், மனைவிக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் அங்கே போய் இருந்தவர். குதிரை பூட்டி உழுதவர்கள், ஆடு மயிர் கத்தரித்தவர்கள், கையால் கதிர் அறுத்தவர்கள் எல்லாம் கிழவர்களாய் அயலில் இருந்தார்கள். உழவு இயந்திரம் வந்து குதிரை போய்க்கொண்டிருந்த காலம். அவர்களின் பேச்சை அவர்கள் பேசிய மாதிரியே கேட்டு எழுதி 1956இல் புத்தகமாக்கினார். வாய்மொழி வரலாறு என்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிற துறைக்கு அந்த நாட்டில் அது ஒரு தொடக்கம். 1969இல் அதே பகுதியில் ரொனால்ட் பிளைத் ஊராரின் பேச்சை வைத்து ஏக்கன்ஃபீல்ட் என்ற புத்தகம் எழுதினார். ஏக்கன்ஃபீல்ட் என்று ஒரு ஊர் இல்லை. சொன்னவர்களைக் காப்பாற்றப் பெயரை மாற்றி வைத்தார். அந்தப் பண்பையும் கவனியுங்கள். எவன்சுக்கு அந்தக் கிழவர்கள் அயலார் மட்டும்தான். உங்களுக்கு இவர்கள் இரத்தம்.

எங்கள் பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அவர்களின் நாட்காட்டி வேறு. 1957 டிசம்பரில் வந்தது பெருவெள்ளம். எனக்கு அப்போது எட்டு வயது. மாமாவின் தோளில் இருந்தபடி எங்கள் வேலி தண்ணீருக்குள் தெரியாமல் போனதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி. தென்னை முழுவதும் ஒரே இரவில் சரிந்தது, கூரை போனது, மாடு போனது, மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான சனம் போனது. "அவன் சூறாவளிக்கு முந்தின மாரி பிறந்தவன்" என்றால் எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை. பழைய ஏடுகளும் கூத்துக் கொப்பிகளும் அந்த ஒரு இரவில் எத்தனை வீட்டில் நனைந்து கூழாயின என்று நினைத்தால் நெஞ்சு வேகும். அந்த இரவைப் பற்றிக் கேட்கும்போது, பயந்தீர்களா என்று கேட்காதீர்கள். எந்தச் சுவரோடு நின்றீர்கள், யார் கையைப் பிடித்தீர்கள், விடிந்ததும் முதல் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்.

பிறகு, கேட்கக் கூசுகிற கதைகள்.

மகிழடித்தீவில் 1987 ஜனவரி கடைசியில் இறால் பண்ணையடியில் நடந்த படுகொலை, 1991 ஜூன் 12ஆம் திகதி திரும்ப நடந்த படுகொலை, இரண்டையும் நேரில் கண்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டாவதை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுவே அமைத்தார்கள். 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் ஒரே இரவில் 180க்கும் மேற்பட்டவர்கள், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். 2007 மார்ச்சில் எறிகணைக்குப் பயந்து இந்தக் கரை ஊர்கள் ஒட்டுமொத்தமாய் ஆற்றைக் கடந்து எழுவான்கரை முகாம்களுக்கு ஓடின. உங்களில் பலர் அப்போது குழந்தைகள். இவற்றைக் கேட்கப் போகிறவர்கள் கொப்பியோடு போகாதீர்கள். முதல் சும்மா போய் இருங்கள். சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். விரும்பாதவரின் மௌனத்தைக் கிண்டக் கூடாது. ஆனால் இறந்தவர்களின் பெயர், வயது, யாருடைய பிள்ளை, என்ன வேலை செய்தார் என்பதாவது ஊருக்கு ஒரு கொப்பியில் சரியாய் இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் இருந்தால் ஆள் இல்லாமல் போய்விடும்.

எங்கள் கண்ணீரை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு. அதே 1990இல், ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம் என்று மேடையில் சொல்கிறோம். உண்மையாய் எப்படி இருந்தோம் என்று கேளுங்கள். படுவான்கரைக்குப் புடவை கொண்டுவந்து கடனுக்குக் கொடுத்துப் போன முஸ்லிம் யாவாரி யார், அவருடைய கணக்குக் கொப்பி என்ன ஆனது, எங்கள் வீட்டுப் பன்பாயை இழைத்த உம்மா எந்தத் தெருவில் இருந்தார், பக்கத்து வட்டையில் அவர்கள் செய்த வயல் இப்போது யார் கையில்? ஆற்றைக் கடந்து போய் அந்தப் பக்கத்து மூத்தும்மாமாரிடமும் கேளுங்கள். நீங்கள் யாருடைய பிள்ளை என்று சொன்னால் அவர்கள் உங்கள் பெத்தாவின் பெயரைச் சொல்லி அடையாளம் காண்பார்கள்.

ஊருக்குள்ளும் அப்படித்தான். போடியார் சொல்கிற ஊரும், அவர் வயலில் கூலிக்கு நின்றவர் சொல்கிற ஊரும் ஒன்று அல்ல. கோயில் வீதியில் முதல் மரியாதை பெற்றவருக்கு ஒரு ஞாபகம், வீதிக்கு வெளியே பறைமேளத்தோடு நிறுத்தி வைக்கப்பட்டவருக்கு இன்னொரு ஞாபகம். இரண்டாவதையும் எழுதாத ஊர் வரலாறு பொய். இதைச் சொன்னதற்காக என்னோடு கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். கையில் போன் இருக்கிறது, குரல் பதிவு செய்யலாம். முற்றத்தில் சேவல் கூவாத, ஒலிபெருக்கி இல்லாத நேரமாய்ப் பாருங்கள். வரலாறு சொல்லுங்கோ என்று தொடங்காதீர்கள். கையில் ஒரு பாக்குவெட்டியோ அத்தாங்கோ பழைய படமோ கொண்டுபோய், இது என்ன, யார் தந்தது என்று தொடங்குங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். கிறுகி என்றால் கிறுகி என்றே எழுதுங்கள், திரும்பி என்று மாற்றினால் ஆள் மாறிவிடும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகமும் வரவு இடாப்பும் இருந்தால் அதிபரிடம் கேட்டுப் படம் பிடியுங்கள். எந்த வருடம் எந்தப் பிள்ளை வேளாண்மை வெட்டுக்காகப் பள்ளிக்கு வரவில்லை என்பது கூட அதில் இருக்கும். வீடு வீடாய்க் கிடக்கிற 31ஆம் நாள் நினைவு மலர்களைச் சேருங்கள். அண்ணாவியார் வீட்டுக் கூத்துக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து வையுங்கள். சேர்த்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. சொன்னவர் சம்மதித்தால் இன்னொன்று 2005 முதல் இணையத்தில் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கிற நூலகத்துக்கு. சூறாவளி எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் அது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கோயில் கோபுரத்துக்கும் மதிலுக்கும் நீங்கள் அனுப்புகிற காசை ஊர் மறக்கவில்லை. ஆனால் சூரிச்சிலும் லண்டனிலும் உங்களோடு இருக்கிற அம்மாவும் அம்மம்மாவும் ஊரின் ஒரு பகுதியைத் தங்களோடு கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பகுதி எங்களிடம் இல்லை. பனிக் காலத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிற நேரம், தொலைக்காட்சியை ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். தமிழ் பாதி விளங்கினாலும் பரவாயில்லை.

வரும் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறக்கும். குளிர்த்திக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். பெத்தாமார் பாய் போட்டுக் கோயில் வீதியில்தான் இரவு முழுவதும் இருப்பார்கள், வழக்குரை படித்து முடியும் வரை எழும்ப மாட்டார்கள். வரும்போது ஒரு கொப்பியும் கொண்டு வாருங்கள். என் வளவுக்கும் ஒரு நடை வாருங்கள். எனக்கும் 76 வயதாகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
படுவான்கரை